அலமாரிக்குள் சாகும் லென்ஸ்கள்

2022 ஜூன் மாதம் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நடந்த ஏலத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கேமரா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. அதுவரை உலகில் எந்தக் கேமராவுக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. லைட்ஸ் நிறுவனம் லைக்காவைக் கடைக்குக் கொண்டுவருமுன், 1923 வாக்கில் சோதனைக்காகச் செய்து பார்த்த இருபது சொச்சம் கேமராக்களில் அதுவும் ஒன்று. எண் 105. லைக்காவை உருவாக்கிய ஆஸ்கார் பார்னாக்கே அதை வைத்திருந்தார். பார்வைக்குழலின் மேல் அவர் பெயர் பொறித்திருக்கிறது. அவர் அதைப் பெட்டிக்குள் பூட்டவில்லை. வீட்டாரைப் படமெடுத்தார், ஊரைப் படமெடுத்தார், குறை கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டார். அந்தப் பட்டறிவு 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவுக்குள் போய்ச் சேர்ந்தது.

அதே வரிசையில் செய்யப்பட்ட எண் 122, 2018இல் வியன்னாவில் 24 லட்சம் யூரோவுக்குப் போயிருந்தது. மூல நிலை மாறாமல் இருக்கிறது என்று அப்போது அதைக் கொண்டாடினார்கள். புழங்கித் தேய்ந்த அண்ணனுக்குக் கிடைத்த விலை, நலுங்காத தம்பியின் விலையைப்போல் ஆறு மடங்கு.

பார்னாக்கின் கை பட்டதால்தானே அந்த விலை என்று கேட்கலாம். ஆம், அதனால்தான். ஒருவர் அதை உழைக்கவிட்டார், அந்த உழைப்பின் தடம் அதில் இருக்கிறது, அந்தத் தடத்துக்குத்தான் விலை கொடுத்தார்கள். பழைய லென்ஸ் சேகரிப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய செய்தி இது. ஏனென்றால் அவர்களுடைய உலகத்தில் நேர்மாறான ஒரு கருத்து வேதவாக்காக நிலைத்துவிட்டது: அரிய லென்ஸ் என்றால் தொடாதே. வாங்கு, துடை, பெட்டியில் வை, பெட்டியை அலமாரியில் வை. 'மின்ட்', அதாவது புத்தம்புது நிலை, என்ற ஒரு சொல்லுக்காக விலை இரட்டிப்பாகும். அட்டைப்பெட்டியும், முன்மூடி பின்மூடியும், உத்தரவாதச் சீட்டும் கண்ணாடியைவிடப் பெரிதாகிவிடும். கேமராவில் ஒருமுறை பொருத்தினால் பித்தளை வளையத்தில் கோடு விழும், வெளியே கொண்டுபோனால் தூசி ஏறும், ஆகவே படமெடுக்க வேறு ஏதாவது வாங்கிக்கொள் என்பதே மூத்த சேகரிப்பாளர் இளையவருக்குச் சொல்லும் முதல் அறிவுரை.

இந்தக் கருத்துக்கு ஒரு கண்ணியமான முகமும் உண்டு. 'அடுத்த தலைமுறைக்காகக் காப்பாற்றுகிறோம்' என்கிறார்கள். அந்த நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் கருத்து தவறு. பூட்டிவைப்பது லென்ஸைக் காப்பாற்றுவதில்லை. பல லென்ஸ்களை அதுவே கொல்கிறது.

லென்ஸை நாணயத்தைப்போலவும் தபால்தலையைப்போலவும் நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. பொற்காசு மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் பொற்காசுதான். லென்ஸ் ஓர் இயந்திரம். அதற்குள் ஐந்தாறு வகைக் கண்ணாடிகள் இருக்கின்றன. சில கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். விளிம்புகளில் கறுப்பு மை பூசியிருக்கிறது. பித்தளை மரைகளுக்கு நடுவே கிரீஸ் இருக்கிறது. துளையைத் திறந்து மூடும் மெல்லிய எஃகு இதழ்கள், அவற்றை இழுக்கும் சுருள்வில். இவற்றில் எதுவும் சும்மா கிடக்கச் செய்யப்பட்டதில்லை. ஓடாத மாட்டுவண்டியின் அச்சு இறுகுவதுபோல ஓடாத லென்ஸும் இறுகும்.

முதல் எதிரி பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. எந்த லென்ஸுக்குள்ளும் சில இருக்கும். அவை முளைக்க வேண்டியவை மூன்று: ஈரம், இருட்டு, அசையாத காற்று. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் சில நாட்கள் தொடர்ந்து நின்றால் போதும். சிலந்தி வலைபோலக் கண்ணாடியின் மேல் நூல் நூலாகப் படரும். தூசியையும் விரல் எண்ணெயையும் தின்று அமிலம் கக்கும். அந்த அமிலம் முதலில் கண்ணாடியின் மேலுள்ள பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். பூஞ்சையைத் துடைத்துவிடலாம். அது அரித்த தடத்தைத் துடைக்க முடியாது.

இப்போது 'அலமாரியில் வை' என்ற அறிவுரையைச் சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நாட்கள் பல. மூடிய மர அலமாரி, அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் தோல் உறை, அதற்குள் இரண்டு பக்கமும் மூடியிட்ட லென்ஸ். ஈரம், இருட்டு, அசையாத காற்று என்று பூஞ்சை கேட்கும் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தாயிற்று. சேகரிப்பாளர்கள் உயிராக மதிக்கும் அந்த மூலத் தோல் உறைதான் எல்லாவற்றிலும் மோசம். தோலும் அதன் உள்ளே ஒட்டிய துணியும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. உறையை வைத்திருக்கலாம், ஆனால் வேறு இடத்தில்.

வாரம் ஒருமுறை கேமராவில் மாட்டி வெளியே கொண்டுபோகும் லென்ஸுக்கு வெளிச்சம் கிடைக்கிறது, காற்று மாறுகிறது. முக்கியமாக, அதை ஒருவர் பார்க்கிறார். முதல் நூல் தெரிந்த அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் லென்ஸ் பிழைக்கும். பத்து ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறப்பவர் காண்பது வெண்திரை போட்ட கண்ணாடியை.

டிரை கேபினட் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பது அடுத்த வாதம். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் அந்தப் பெட்டி உண்மையிலேயே நல்ல பொருள். வசதியுள்ளவர்கள் வாங்க வேண்டும். பூஞ்சையை அது தடுக்கும். கிரீஸை என்ன செய்யும்?

50, 60 ஆண்டுகளுக்கு முன் ஃபோகஸ் மரையில் தடவிய கிரீஸ் காலப்போக்கில் பிரியும். அதிலிருக்கும் எண்ணெய் மெல்ல ஊர்ந்து துளை இதழ்களின் மேல் படியும். மீதமுள்ள சோப்பு போன்ற கட்டி மரையிலேயே இறுகும். சும்மா கிடக்கும் லென்ஸில் இரண்டும் சத்தமில்லாமல் நடக்கும். எண்ணெய் ஆவி உள்கண்ணாடிகளில் மெல்லிய பனிபோலப் படியும். 1950களின் பல லைக்கா லென்ஸ்கள், குறிப்பாகச் சும்மாரிட் 5 செ.மீ. எஃப் 1.5, இந்தப் பனிப்படலத்துக்குப் பெயர்பெற்றவை. சீக்கிரம் துடைத்தால் போய்விடும். ஆண்டுக்கணக்கில் விட்டால் கண்ணாடியின் மேல்பரப்பைக் கெடுத்து நிரந்தரமாகிவிடும். பிறகு விளக்கை நோக்கி ஒரு படம் எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். வெளியே ஒரு கீறல் இல்லாத 'மின்ட்' லென்ஸுக்கு உள்ளே இந்த நிலைமை இருக்கலாம். எடுத்துப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

தோரியம் கதை இவற்றைவிடத் தெளிவானது. 1940களிலிருந்து 1970கள் வரை சில நிறுவனங்கள் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்தன. ஒளியை நன்றாக வளைக்கும், நிறங்களை அதிகம் சிதறடிக்காது என்பதால் அதிவேக லென்ஸுக்கு அது வரமாக இருந்தது. கோடாக்கின் ஏரோ எக்டார், பென்டாக்ஸின் சூப்பர் டாகுமர் 50 மி.மீ. எஃப் 1.4இன் ஏழு கண்ணாடி வடிவம் ஆகியவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தோரியம் கதிரியக்கப் பொருள். அதன் கதிர்வீச்சு கண்ணாடியின் உள்ளமைப்பில் நுண்ணிய ஊனங்களை உண்டாக்கி, கண்ணாடி மெல்ல மஞ்சளாகி, பிறகு தேயிலைச் சாயம்போலப் பழுப்பேறும். இந்தக் கறையை நீக்கும் மருந்து வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் அந்த ஊனங்கள் ஆறும், நிறம் வெளுக்கும். பகலில் புழங்கும் லென்ஸ் கறையேறக் கறையேறக் கொஞ்சம் கழுவிக்கொண்டே இருக்கிறது. இருட்டில் அதற்கு வழியே இல்லை. ஒரு லென்ஸைப் பாழாக்க வேண்டுமென்று திட்டமிட்டால்கூட இருட்டு அலமாரியைவிடச் சிறந்த இடம் கிடைக்காது.

பயன்படுத்தினால் தேயும் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. 1933இல் வந்த லைட்ஸ் சும்மார் 5 செ.மீ. எஃப் 2இன் முன்கண்ணாடி மிக மென்மையானது. இன்று கிடைக்கும் சும்மார்களில் பெரும்பாலானவற்றின் முகத்தில் நுண்கீறல்கள் நிறைந்திருக்கும். ஆனால் அந்தக் கீறல்களைப் போட்டது படமெடுத்த ஒளி இல்லை. சட்டை நுனியாலும் கைக்குட்டையாலும் துடைத்த கைகள் போட்டவை அவை. தூசியை ஊதும் பந்து, மென்தூரிகை, முன்னால் ஒரு ஃபில்டர், வெயில் மறைக்கும் ஹூட் இருந்தால் சும்மாரையும் இன்னும் நூறு ஆண்டு ஓட்டலாம். துடைக்கத் தெரியாததற்காகப் படமெடுப்பதையே நிறுத்தச் சொல்வது, பல்துலக்கத் தெரியாதவரைச் சாப்பிடாதே என்று சொல்வதற்குச் சமம்.

கண்ணாடியும் கிரீஸும் உடல் சங்கதி. அறிவு சங்கதி இதைவிடப் பெரியது. ஒரு லென்ஸ் எப்படிப்பட்டது என்பதை அது எடுத்த படத்தைத் தவிர வேறெதுவும் சொல்லாது.

1950இல் 'லைஃப்' இதழின் ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். அவரிடம் இருந்தவை ஜெர்மன் லென்ஸ்கள். ஜப்பானிய லென்ஸைப் பொருட்படுத்தும் வழக்கம் மேலைநாட்டு ஒளிப்படக்காரர்களுக்கு அன்று கிடையாது. ஜுன் மிக்கி என்ற இளம் ஒளிப்படக்காரர் 8.5 செ.மீ. எஃப் 2 நிக்கோர் லென்ஸால் டங்கனை ஒரு படம் எடுத்தார். அந்த அச்சுப்படத்தைப் பார்த்த டங்கனுக்கு நம்ப முடியவில்லை. நிக்கோரைச் செய்த நிப்பான் கொகாகு (இன்றைய நிக்கான்) தொழிற்சாலைக்கு நேரில் போனார், சோதனை செய்தார், தம் லைக்காவுக்கு நிக்கோர் லென்ஸ்களை மாட்டிக்கொண்டார். அதே ஆண்டு கொரியப் போர் மூண்டது. அவர் எடுத்த போர்ப் படங்கள் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன, அந்த ஆண்டு டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' ஜப்பானிய லென்ஸைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. நிக்கானின் உலகப் பெயர் ஓர் ஆளின் முகத்தை எடுத்த ஒரு படத்திலிருந்து தொடங்கியது. மிக்கி அந்த லென்ஸைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தால்?

பழைய லைட்ஸ் எல்மார் 5 செ.மீ. எஃப் 3.5 என்று விற்கப்படுபவற்றில் போலிகள் ஏராளம். சோவியத் இண்டஸ்டார் லென்ஸின் மேல் ஜெர்மன் எழுத்துகளைப் பொறித்து, பித்தளை மெருகு போட்டு விற்கிறார்கள். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒட்டிப் பிறந்தவை. ஆனால் எல்மாரில் துளை இதழ்கள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். இண்டஸ்டாரில் இரண்டாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். துளையைத் திறந்து மூடிப் பழகிய கைக்கு இது ஒரு நொடி வேலை. பெட்டியின் சீட்டையும் வரிசை எண்ணையும் மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

லுட்விக் பெர்டெலே 1930களின் தொடக்கத்தில் சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த சோனார் 5 செ.மீ. எஃப் 1.5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு இல்லாத காலத்தில் கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பரப்பும் ஒளியைத் திருப்பியடித்தது. பெர்டெலே மூன்று மூன்று கண்ணாடிகளை ஒட்டி அந்தப் பரப்புகளைக் குறைத்தார். அதனால் அந்தக் காலத்துக்கு அதிசயமான தெளிவு கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலை ஒன்று: துளையைச் சுருக்கும்போது குவியம் சற்றுப் பின்னால் தள்ளிப்போகும். எஃப் 1.5இல் கண்ணிமையில் பிடித்த கூர்மை, எஃப் 2.8இல் காதுப் பக்கம் நகரும். ஒவ்வொரு சோனாரும் எந்தத் துளைக்குச் சரிசெய்யப்பட்டது என்பது ஒன்றுக்கொன்று மாறும். இது எந்தப் பட்டியலிலும் இருக்காது. நூறு படம் எடுத்தவருக்குத்தான் தன் சோனாரின் குணம் தெரியும். அப்படித் தெரிந்த ஒருவர் அதை இன்னொருவருக்கு விற்கும்போது பொருளோடு அறிவையும் கைமாற்றுகிறார். அலமாரிக்காரர் பெட்டியை மட்டுமே கைமாற்ற முடியும்.

இன்னொரு பழைய கதையும் இங்கே பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் யார்க் நகரில் டென்னிஸ் டெய்லர் என்ற வல்லுநர் இருந்தார். 1893இல் குக் டிரிப்ளெட் லென்ஸை உருவாக்கியவர் அவரே. பழசாகிக் கறுத்த லென்ஸ்களை அவர் சோதித்தபோது அவை புதிய லென்ஸைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கண்டார். காலம் கண்ணாடியின் மேல் படியவைத்த மெல்லிய படலம் ஒளி திரும்பியடிப்பதைக் குறைத்திருந்தது. அதைச் செயற்கையாக உண்டாக்க முயன்று 1904இல் காப்புரிமை பெற்றார். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா வெற்றிடத்தில் பூச்சேற்றும் முறையைக் கண்டார். இன்று கைப்பேசி லென்ஸில்கூட மினுங்கும் ஊதாநிறப் பூச்சுக்கு வேர் அங்கே இருக்கிறது. கறுத்துப்போன லென்ஸைக் குறையுள்ளது என்று ஒதுக்காமல் அதன் வழியே ஒருவர் ஒளியை அனுப்பிப் பார்த்ததால் வந்தது அது.

சரி, இவையெல்லாம் ஓரளவு கிடைக்கும் லென்ஸ்கள். உலகில் பத்தே பத்து இருக்கும் லென்ஸை என்ன செய்வது? அதற்கும் விடை வரலாற்றில் இருக்கிறது. சைஸ் நிறுவனம் 1960களில் 50 மி.மீ. எஃப் 0.7 பிளானர் லென்ஸைப் பத்து மட்டுமே செய்தது. ஆறு நாசாவுக்குப் போயின, ஒன்றைச் சைஸ் வைத்துக்கொண்டது, மூன்றைத் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கினார். 'பாரி லிண்டன்' படத்தில் 18ஆம் நூற்றாண்டின் அறைகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். லென்ஸின் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகே வர வேண்டியிருந்ததால் மிட்செல் கேமரா ஒன்றைக் கேமரா வல்லுநர் எட் டிஜூலியோ வெட்டி மாற்றினார். பிறகு அந்தக் கேமரா வேறு எதற்கும் உதவாது என்ற நிலை. கூர்மையின் ஆழம் மிக மிகக் குறைவு. நடிகர் தலையை முன்னால் சாய்த்தால் முகம் மங்கிவிடும். 1975இல் படம் வந்தது, ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அந்தப் பத்து லென்ஸ்களைப் பற்றி இன்று யாராவது பேசுகிறார்கள் என்றால் குப்ரிக்கின் கைக்கு வந்த மூன்றால்தான். மெழுகுவத்திச் சுடரின் முன் அவை நிற்காமல் போயிருந்தால் அவை ஒரு பட்டியலில் ஒரு வரி.

ஹாலிவுட்டில் இதற்கு மறுதலையாக, உறங்கி எழுந்த லென்ஸ்களும் உண்டு. 'பென்-ஹர்' காலத்து 65 மி.மீ. அகலத்திரை லென்ஸ்கள் 1966இல் வந்த 'கார்ட்டூம்' படத்தோடு ஓய்ந்துபோயின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு பனாவிஷன் நிறுவனத்தில் கிடந்தன. ஒளிப்பதிவாளர் ராபர்ட் ரிச்சர்ட்சன் அவற்றைக் கண்டார், பனாவிஷனின் லென்ஸ் வல்லுநர் டேன் சசாகி அவற்றைச் செப்பனிட்டார், குவென்டின் டரன்டினோவின் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' 2015இல் அவற்றால் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கிரெய்க் ஃப்ரேசர் அதே வகை லென்ஸ்களை டிஜிட்டல் கேமராவில் மாட்டி 'ரோக் ஒன்' எடுத்தார். அவற்றை எழுப்ப ஒரு நிறுவனமும் ஒரு வல்லுநரும் இருந்தார்கள். தனியார் அலமாரியில் உறங்கும் லென்ஸுக்கு யார் இருக்கிறார்கள்? பழைய லென்ஸைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் ஊர்தோறும் குறைந்துகொண்டே போகின்றன. வேலை கொடுத்தால்தான் அந்தக் கைகளும் மிஞ்சும்.

பூட்டிவைப்போர் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. உதிரிப்பாகம் கிடையாது. கீழே விழுந்து உடைந்தால் ஒன்று குறைந்தது குறைந்ததுதான். உண்மை. ஒரே ஒரு முன்மாதிரி மட்டுமே மிஞ்சியிருக்கும் லென்ஸ் அருங்காட்சியகத்துக்குரியது. அங்கே வெப்பமும் ஈரமும் அளக்கப்படுகின்றன, கவனிக்க ஆள் இருக்கிறார். அதை யாரும் கடற்கரைக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. ஆனால் சேகரிப்புகளில் பூட்டிக் கிடப்பவற்றில் அப்படிப்பட்டவை எத்தனை? பெரும்பாலானவை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. 1935இல் வந்த லைட்ஸ் தம்பார் 9 செ.மீ. எஃப் 2.2, மென்மையான முகப்படங்களுக்கென்றே செய்யப்பட்டது. 1966இன் நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப் 1.2இல் இரண்டு பரப்புகள் கோளவடிவம் இல்லாதவை, கைத்திறனால் தீட்டப்பட்டவை. 1977இன் நாக்ட் நிக்கோர் 58 மி.மீ. எஃப் 1.2, இரவில் தெருவிளக்குப் புள்ளிகள் பறவைச் சிறகுபோல விரியாமல் புள்ளியாகவே விழ வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. இரவுக்காகவே ஒருவர் ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டுச் செய்த லென்ஸ், ஓர் இரவையும் பாராமல் பெட்டிக்குள் கிடக்கிறது என்றால் அந்த வடிவமைப்பாளரின் உழைப்புக்கு நாம் தரும் மரியாதை என்ன?

பயன்படுத்துவது வேறு, சிதைப்பது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய லென்ஸின் கண்ணாடியைப் பிடுங்கிச் சினிமாவுக்கான புதுக் குழலில் பொருத்துவது இப்போது பெருவழக்கு. குக் ஸ்பீட் பன்குரோ லென்ஸ்கள் அப்படித்தான் இன்றைய படப்பிடிப்புகளில் உழைக்கின்றன. அது நியாயமே. ஆனால் கழற்றிய பித்தளைக் குழலைத் தூக்கி எறியாமல், எண் மாறாமல், லென்ஸோடு சேர்த்து வைக்க வேண்டும். அரம் போட்டு மவுண்ட்டை ராவுவது, துளை வளையத்தை அறுப்பது போன்ற திரும்பவே முடியாத வேலைகளை அரிய லென்ஸில் செய்யவே கூடாது. அடாப்டர் என்று ஒன்று இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

அடாப்டர்தான் காலத்தின் கொடை. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் கண்ணாடித் தட்டு உயர்ந்து இறங்க இடம் வேண்டும். அதனால் லென்ஸ் மவுண்ட்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே நிக்கானில் 46.5 மி.மீ., கேனன் இஎஃப்பில் 44 மி.மீ. இடைவெளி. லைக்கா எம் லென்ஸுக்கோ 27.8 மி.மீ.தான் வேண்டும். பொருத்த வழியே இல்லாமல் எத்தனையோ லென்ஸ்கள் அப்போது முடங்கின. 2008இல் பானசோனிக் ஜி1 வந்தது, 2013இல் சோனி ஏ7 வந்தது. கண்ணாடித் தட்டு போய்விட்டது. சோனியின் இடைவெளி 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. மிச்சமிருக்கும் சில மில்லிமீட்டரில் ஒரு வெற்று உலோக வளையம், அவ்வளவுதான். முழுச் சட்ட சென்சரில் எந்தக் காலத்து லென்ஸும் படமெடுக்கும். பின்கண்ணாடி ஃபிலிமை ஒட்டி நிற்கும் சூப்பர் அங்குலான் 21 மி.மீ. எஃப் 3.4 போன்ற அகலக்கோண லென்ஸ்கள் மட்டும் டிஜிட்டலில் ஓரம் ஊதாவாகி இழுபடும். அவற்றுக்கு ஃபிலிம் இன்னும் இருக்கிறது. 1985இல் ஒருவர் தன் பழைய லென்ஸைப் பூட்டிவைத்ததற்குக் காரணம் இருந்திருக்கலாம். இன்று பூட்டிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

'அதே லென்ஸைப் புதிதாகச் செய்து விற்கிறார்களே, மூலத்தை ஏன் தொட வேண்டும்?' என்றும் சிலர் கேட்கிறார்கள். லைக்கா 2017இல் தம்பாரை மறுபடி செய்தது. 2021இல் நாக்டிலக்ஸ் எஃப் 1.2ஐ மறுபடி செய்தது. 2013இல் லோமோகிராஃபி நிறுவனம் பெட்ஸ்வால் லென்ஸின் புதுவடிவத்துக்காக மக்களிடம் முன்பணம் கேட்டபோது சுமார் 14 லட்சம் டாலர் குவிந்தது. பெட்டியில் கிடந்த லென்ஸைப் பார்த்து யாரும் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. யாரோ சிலர் பழைய பித்தளைக் குழாய்களைத் தூசிதட்டிப் படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள். பின்னணி சுழலும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஆசை பிறந்தது.

பெட்ஸ்வால் லென்ஸுக்கும் நம் பக்கத்து மலைக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1840இல் வியன்னாவின் கணித அறிஞர் யோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு உருவாக்கியது அது. அன்றைய டாகேர் கேமராக்களின் லென்ஸைவிடச் சுமார் பதினைந்து மடங்கு ஒளியை உள்ளே விட்டது. மனிதர் முகத்தை நிமிடக்கணக்கில் அசையாமல் பிடித்துவைக்கும் கொடுமை அதனால் பெரிதும் குறைந்தது. 1863இல், கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கு, அவருடைய 48ஆம் வயதில், அவர் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அதிலிருந்தது ஜமின் என்ற பிரெஞ்சு லென்ஸ், பெட்ஸ்வால் வகை. பெரிய தட்டில் முகத்தை நெருங்கி எடுத்தார் அவர். நடுவில் கூர்மை, ஓரங்களில் கரைவு. குவியம் தெரியாதவர் என்று அந்தக் காலத்து ஒளிப்படச் சங்கத்தார் ஏளனம் செய்தார்கள். அவர் விடவில்லை. டென்னிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் இன்று உலகம் எந்த முகத்தோடு நினைக்கிறதோ அதில் கேமரனின் பங்கு பெரிது. 1875இல் கணவரோடு இலங்கைக்குப் போனார். களுத்துறையில் அங்கிருந்த மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். 1879இல் இறந்தார், மலையகத்தின் பொகவந்தலாவையில் அடக்கமானார். ஈரத்துக்கும் மழைக்கும் பேர்போன தீவுக்கு, அறுபது வயதில், கண்ணாடித் தட்டுகளையும் கேமராவையும் கப்பலேற்றிக் கொண்டுபோனவர் அவர். அதே வகைப் பித்தளை லென்ஸ்கள் இன்று வரவேற்பறை மேசைகளில் அலங்காரப் பொருளாக நிற்கின்றன. பின்மூடியைக் கழற்றக்கூட யாரும் நினைப்பதில்லை.

அலமாரியில் ஒன்று வைத்திருப்பவர் செய்ய வேண்டியது கடினமில்லை. இரண்டு மூடிகளையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். நூல் தெரிந்தால் பூஞ்சை, பனி தெரிந்தால் எண்ணெய். இரண்டும் பழுதுபார்ப்பவர் வேலை, தாமதிக்கக் கூடாது. ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் பலமுறை சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் பலம் காட்டாமல் நிறுத்திவிட வேண்டும். துளை இதழ்களைத் திறந்து மூட வேண்டும். உறையிலிருந்து பிரித்து, டிரை கேபினட் இல்லாதவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறும்போது வறுத்துப் போட வேண்டும்.

கண்ணாடி மஞ்சளாக இருந்து, அது தோரியம் லென்ஸ்தான் என்று உறுதியானால், ஜன்னலோரத்தில் காலை வெயில் படும்படி வைக்கலாம். அடியில் அலுமினியத் தாள் விரித்தால் ஒளி திரும்ப உள்ளே போகும். குவிந்த வெயில் காகிதத்தையும் துணியையும் பற்றவைக்கும் என்பதால் பக்கத்தில் எரியும் பொருள் இருக்கக் கூடாது. புற ஊதா விளக்கிலும் வைக்கலாம். மஞ்சள் வெளுக்கச் சில வாரம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கேமராவில் வெள்ளைச் சமனைச் சரிசெய்துகொண்டு சாயங்காலம் அதே லென்ஸை மாட்டி வெளியே போகலாம், மறுநாள் காலையில் திரும்ப ஜன்னலில் வைத்துவிடலாம்.